யார் கொடுத்த பந்து?

(முத்துப்பேட்டையில் பழைய கூடைப்பந்து மாணவர்களும் ஊராரும் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு. எழுத்து வடிவம்.)

 

முன்வரிசையில் பேரனின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் கூடைப்பந்து சாரின் பெயரை இந்தப் பேச்சில் நான் எங்கும் சொல்லப் போவதில்லை. அறக்கட்டளை வைக்கப் போகிறோம் என்று நாங்கள் போய்ச் சொன்னபோது அவர் விதித்த நிபந்தனை அது. "எம் பேரப் போடாதீங்கப்பா, கிரவுண்டு பேர்ல இருக்கட்டும்" என்றார். ஆகவே இங்கே அவர் வெறும் சார்தான். இந்த ஊரில் எத்தனையோ சார்கள் இருந்தாலும், ஸ்டேஷன் பக்கம் நின்று "சார் வீடு எது?" என்று கேட்டால் ஆட்டோக்காரர் அவர் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலை நேற்று வாங்கிப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்த தொகைகள் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்திருந்தேன். என்னை நிறுத்தியது வேறு சில வரிகள். மைதானத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரின் மகன் கொடுத்திருக்கிறார். லகூனில் மீன்பிடிக்கும் ஒரு குடும்பம் கொடுத்திருக்கிறது. ரயில்வேயில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கொடுத்திருக்கிறார். இவர்கள் யாரும் பந்தைத் தொட்டவர்கள் அல்லர். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். விளையாடியவன் தன் பயிற்சியாளர்மேல் அன்பு வைப்பது இயல்பு. நின்று பார்த்தவனுக்கு, அந்த மனிதர் ஓய்வுபெற்று முப்பது வருஷம் ஆன பிறகும், ஏன் இந்தப் பாசம்? இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

நாம் ரசிகர்களின் ஊர்க்காரர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடிக்காக வீதியுலாவின் பின்னால் விடியவிடிய நடந்தவர்கள் இந்தக் காவிரிக்கரைக்காரர்கள். அவர் 1956-இல் மறைந்தார். அந்தத் தோடியைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ரசிகர் தம் காதால் கேட்டதை நேசித்தார். பயிற்சியாளரிடம் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் என்ன இருக்கிறது? ஆட்டம் நடக்கும்போது அவர் எதுவும் செய்வதில்லை. பந்து அவர் கைக்கு வருவதே இல்லை. கோட்டோரத்தில் நிற்கிறார், ஒரு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அவர்மேல் ரசிகர் வைக்கும் அன்பு கொஞ்சம் விசித்திரமானது.

தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் மிக அதிகமாக நேசித்த நடிகருக்கு ரசிகர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மக்கள் திலகம், புரட்சித் தலைவர் என்பவையெல்லாம் மேடைக்கும் சுவரொட்டிக்கும் உரிய பட்டங்கள். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர் எம்.ஜி.ஆரை "வாத்தியார்" என்றுதான் சொன்னார். அன்பு மிகுந்தபோது அவர் நாக்கில் வந்தது அந்தச் சொல்தான். வாத்தியார் என்பவர் நமக்கு வெறும் வேலைக்காரர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நான் விளையாடிய காலத்து மைதானத்தை இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மண்தரை. இரண்டு இரும்புக் கம்பம். பலகை பழைய மேசையை அறுத்துச் செய்தது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். வடிந்தவுடன் சாரே மண்வெட்டி எடுத்து மேடு பள்ளம் நிரவுவார். பிறகு கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார். வளையத்துக்கு வலை வாங்கக் காசில்லை. அதைப் பார்த்துவிட்டு, எங்கள் அணிப் பையன் ஒருவனின் அத்தா கோரையாற்றில் போடும் வலையிலிருந்து ஒரு துண்டை அறுத்துப் பின்னிக் கட்டிக் கொடுத்தார். அடியைத் திறந்துவிட மறந்துவிட்டார். முதல் பந்து உள்ளே போய் மீன் மாதிரி தொங்கியது. பட்டியலில் இருக்கும் மீனவர் குடும்பம் அவருடையதுதான்.

சாரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். மற்ற ஊர்களில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் பாஸ்கெட் போட்டவன் பெயரை எழுதுவார்கள். சாரின் நோட்டில் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் "போட்டவர்", மறு பக்கம் "கொடுத்தவர்". ஆட்டம் முடிந்து நாங்கள் குதித்துக்கொண்டு ஓடிவந்து, "சார், நான் போட்டேன் சார்!" என்போம். அவர் நிமிராமல் பென்சிலை நக்கிக்கொண்டு கேட்பார்: "யார் குடுத்தது?" பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அந்த வரியை நிரப்ப மாட்டார். நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா என்பார். ஒருநாள் நாங்கள் நாலு பேர் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, கொடுத்தது நீயா நானா என்று பத்து நிமிஷம் சண்டை போட்டோம். பந்து தானாக வந்தது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

சார் கேட்ட அந்தக் கேள்வியைச் சாரைப் பற்றியே கேட்டுப் பார்த்தேன். இந்தப் பந்தை அவருக்கு யார் கொடுத்தது? அவர் சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியை 1920-இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். உடற்கல்விக்கென்றே ஆசியாவில் எழுந்த முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவுக்கு மேலாளராகச் சென்றவரும் பக்தான். 1943-இல் சென்னையிலேயே காலமானார். நம் மாநிலத்துப் பள்ளிக்கூடங்களில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ டிரில் மாஸ்டர்கள் அந்தக் கல்லூரி வாசல் வழியாக வந்தவர்கள்.

பக் படித்தது அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். கூடைப்பந்து பிறந்த இடமே அதுதான். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் முரண்டு பிடித்த பதினெட்டு மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தில் அடித்தார். மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையம் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். நைஸ்மித் வீசிய பந்து ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகப் பக் கைக்கு வந்து, சென்னையில் சார் கைக்கு வந்து, கடைசியில் அலையாத்திக் காட்டோரத்து இந்த மண்தரையில் விழுந்திருக்கிறது. இடையில் ஒருவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் நம் ஊருக்கு வந்திருக்காது.

நைஸ்மித்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அவர் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அவர் காலத்தில் அணி வென்றது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கணக்கில் வைத்தவர், விளையாட்டையே கண்டுபிடித்த இந்த மனிதர் ஒருவர்தான். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்க ஆட்டமானது. நைஸ்மித்துக்கு வயது எழுபத்து நான்கு. பெர்லினுக்குப் போக வசதியில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் கூடி ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் டிக்கெட்டுக்கு ஒரு சென்ட் வீதம் சேர்த்தார்கள். ஒரு சென்ட் என்பது அந்த ஊர்க் காலணா. கூட்டம் கூட்டமாக மக்கள் போட்ட அந்தச் சில்லறையில்தான் கிழவர் கப்பலேறினார்.

அங்கே ஆட்டம் எதில் நடந்தது தெரியுமா? திறந்தவெளியில், மண்தரையில். இறுதியாட்டத்தன்று மழை. பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. கூடைப்பந்தின் முதல் ஒலிம்பிக் இறுதியாட்டம் நம் ஐப்பசி மாதத்து மைதானம் மாதிரிதான் இருந்தது என்று படித்தபோது, மண்வெட்டியோடு நின்ற சாரின் உருவம் மனதில் வந்தது.

55-க்கு 60 என்று தோற்ற ஒருவருக்கு ஏன் ஜனங்கள் காசு போட்டார்கள்? ஜெயித்துக் கொடுத்ததற்கான நன்றி அல்ல அது. இதைப் புரிந்துகொள்ள இன்னொருவரிடம் போக வேண்டும். அவர் நேர்மாறானவர், பட்டத்துக்கு மேல் பட்டமாக ஜெயித்தவர்.

ஜான் வுடன். அடிப்படையில் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியர். 1948-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் சாம்பியன் பட்டம் 1964-இல்தான் கிடைத்தது. அதுவரை பதினைந்து பருவங்கள் பட்டம் இல்லாமலே போயின. அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள், அவற்றில் ஏழு தொடர்ச்சியாக. 88 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல். ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் அவர் கற்றுக் கொடுத்தது காலுறை போடுவது. சுருக்கமில்லாமல் இழுத்துவிடு, சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. ஏழடி உயரமுள்ள, நாடறிந்த வீரனையும் உட்கார வைத்து இதையே சொன்னார். எங்கள் சாரும் முதல் நாள் கால் நகத்தைத்தான் பார்த்தார். எங்களிடம் காலுறை ஏது?

1974-இல் வுடனின் அணி பட்டத்தைத் தவறவிட்டது. 1975-இல் மீண்டும் வென்றது. அதோடு ஓய்வு பெறுவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வெற்றிக்குப் பிறகு ஓர் ஆதரவாளர் அவரிடம் வந்து, போன வருஷம் எங்களைக் கைவிட்டதற்கு இது ஈடாகிவிட்டது என்கிற பொருளில் சொன்னாராம். பத்தாவது பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வரும் மனிதரிடம்! வுடனே பின்னாளில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆதரவாளரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர் பதவியில் இருக்கும்வரை ரசிகரின் அன்பு அப்படித்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டு வசூலுக்கு நிற்கிற அன்பு. தவணை தவறினால் வாசலில் வந்து கத்தும்.

நானும் கத்தியிருக்கிறேன். இன்று சார் முன்னாலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

1976. நான் பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டேன்; கோட்டுக்கு வெளியே நிற்கும் ரசிகன் ஆகிவிட்டேன். நம் பிள்ளைகள் வெளியூரில் இறுதியாட்டம் ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் நம்முடைய சிறந்த வீரனைச் சார் வெளியே உட்கார வைத்துவிட்டார். பந்தைத் தவறவிட்ட ஒரு சின்னப் பையனை அவன் சாதிப் பெயர் சொல்லித் திட்டினான் என்பது காரணம். ஒரு புள்ளியில் தோற்றோம். ராத்திரி பாசஞ்சரில் அவர்கள் வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் நின்று, "சாரை மாத்து!" என்று கூச்சலிட்ட இருபது பேரில் நானும் ஒருவன். மறுநாள் நிர்வாகத்துக்கு ஒரு மனு போயிற்று. மனுவை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

சார் எதுவும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போலச் சுண்ணாம்பு போட்டார். பத்தொன்பது வருஷம் கழித்து அவருடைய பிரிவுபசாரத்தன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த மனு நான் எழுதினது" என்றேன். "தெரியும்ப்பா. கோடு போடாத தாள்ல நேரா எழுதுற பையன் நீ ஒருத்தன்தானே" என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

அன்றோடு அவரிடம் நாங்கள் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. அவர் ஜெயித்துத் தர வேண்டிய ஆட்டம் எதுவும் பாக்கியில்லை. அப்போதுதான் இந்த ஊரின் அன்பு, அன்பாக மட்டும் ஆயிற்று. வுடனுக்கும் அதுவே நடந்தது. ஓய்வுபெற்று முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்து, 2010-இல் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். அத்தனை வருஷமும் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் தம் இடத்தில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பார். அவரிடம் கையெழுத்து வாங்க வரிசை நிற்கும். அவர் வென்ற காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். அறக்கட்டளை என்றால் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது என்பார்கள். அந்தப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனது வட்டி.

அந்தச் சின்னப் பையன் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் சாதிக் கொடுமையில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. அப்போது அதுவும் நாமும் ஒரே தஞ்சை மாவட்டம். எங்கள் மைதானத்தோரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மண்பானையும் ஒரே ஒரு அலுமினியக் குவளையும் இருந்தன. இரண்டாவது குவளையைச் சார் வாங்கவே இல்லை. யாரோ வீட்டிலிருந்து தனிக் குவளை கொண்டுவந்தபோது, அதை வாங்கிச் சுண்ணாம்பு கரைக்க வைத்துக்கொண்டார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெரியவர்கள் சிலர் இதற்காகவே பிள்ளைகளை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களின் பேரன்களுடைய பெயர்களும் இப்போது நன்கொடைப் பட்டியலில் இருக்கின்றன.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் இந்த இடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1961 முதல் 1997 வரை, 879 வெற்றிகள். மைக்கேல் ஜோர்டனின் பயிற்சியாளர் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்களும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்கார முடியாத நாட்களில், கறுப்பின மாணவர் ஒருவரோடும் தம் பாதிரியாரோடும் போய் ஓர் உணவகத்தில் அமர்ந்து சாப்பிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு விளையாட வந்த முதல் கறுப்பின வீரரான சார்லி ஸ்காட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். உணவக விஷயத்தைப் பாதிரியார் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டார் என்று தெரிந்தபோது ஸ்மித் வருத்தப்பட்டார்.

அவர் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்கெட் போட்டவன், தனக்குப் பந்தைக் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்ட வேண்டும். அதைப் படித்த அன்று நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றேன். எங்கோ இருந்த அந்த மனிதரும் "யார் குடுத்தது?" என்றுதான் கேட்டிருக்கிறார். 2015 பிப்ரவரியில் ஸ்மித் இறந்தார். அடுத்த மாதம் அவருடைய பழைய வீரர்கள் ஏறத்தாழ 180 பேருக்குத் தபாலில் ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது. வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். தோற்ற அன்று எங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தவரும் சார்தான். ஜெயித்த அன்று ஊரே வாங்கிக் கொடுக்கும், தோற்ற அன்று யார் வாங்கித் தருவார் என்பது அவர் கணக்கு.

பழைய வீரர்களின் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் என்று எதையும் மறக்காதவர் ஸ்மித். கடைசி வருஷங்களில் அந்த நினைவே அவரை விட்டுப் போயிற்று. டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1,098 வெற்றிகளுக்கு நடத்திச் சென்ற பேட் சம்மிட்டுக்கும் அதே துயரம். 2011-இல் தமக்கு அல்சைமர் என்று அறிவித்தார், 2016-இல் அறுபத்து நான்கு வயதில் மறைந்தார். அறிவிப்பு வந்தவுடன் ரசிகர்கள் "பேட்டுக்குத் துணை நிற்கிறோம்" என்று எழுதிய சட்டைகளைப் போட்டுக்கொண்டு அரங்கத்தை நிறைத்தார்கள்.

இந்த ஊரும் நிறைத்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்தபோது தென்னை முழுக்கக் கீழே கிடந்தது. மைதானத்தில் ஒரு கம்பம் வளைந்து தரையைத் தொட்டது. சார் வீட்டு ஓடு பாதி போய்விட்டது. தங்கள் வீட்டில் விழுந்த மரத்தையே இன்னும் அறுக்காதவர்கள், அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு சார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அறுபது வயதுக்காரர்கள் ஓட்டின்மேல் ஏறினார்கள். கீழே நின்ற சார், "டேய், பார்த்துக் கால வைங்கடா" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கத்தினார். பெயரெல்லாம் அப்போது சரியாக இருந்தது.

இப்போது இல்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்தெட்டு வயது. என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். தலையாட்டினார். மனு, பிரிவுபசாரம் எல்லாம் சொன்னேன். ஒன்றும் எட்டவில்லை. கடைசியில், "சார், பட்டுக்கோட்டைப் பசங்க வந்திருந்தப்ப கடைசி நிமிஷத்துல நான் ஒரு பாஸ்கெட் போட்டேன் சார்" என்றேன். மூன்று வருஷம் அணியில் இருந்து மேட்ச்சில் நான் போட்ட ஒரே பாஸ்கெட் அது. சார் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வலது கை விரல்கள் பென்சில் பிடிப்பதுபோலக் குவிந்தன.

"யார் குடுத்தது?"

பெயர் சொன்னேன். திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

அந்தப் பந்தைக் கொடுத்தவர் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர்; அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். மலேசியாவில் நாற்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். இந்த அரங்கில்தான் இருக்கிறார். ஐந்தாவது வரிசை, சன்னலோரம். சாரின் நோட்டில் அந்த வரி நிரம்பியிருக்கிறது. ஆனால் அன்று ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில் நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. இதோ, இப்போது விரலை நீட்டுகிறேன்.

எழுந்து நில்லுங்கள், காக்கா. சார் திரும்பிப் பார்க்கிறார்.